கோவை முதியோர் குடியிருப்பு: வாங்குவதா, வாடகைக்கா, நங்கநல்லூரிலேயே இருந்துவிடுவதா?

அக்காவுக்கு 71, மாமாவுக்கு 76. சென்னை நங்கநல்லூரில் லிஃப்ட் இல்லாத பழைய அடுக்ககத்தில் இரண்டாவது மாடி வீடு. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மாமாவுக்கு முட்டி தேய்ந்ததிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு, கோவையில் சாப்பாடு, நர்ஸ் வசதியோடு வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்பு ஒன்றுக்குப் போய்விடலாமா என்று. சரி, பேசிக்கொண்டே இருப்பதைவிடப் பார்த்துவிடலாம் என்று மூவரும் அப்படி ஒரு குடியிருப்பின் விருந்தினர் அறையில் ஒரு வாரம் தங்கினோம்.

கோவை ஏன் என்று கேட்கவே வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, சிறுவாணித் தண்ணீர், பெரிய மருத்துவமனைகள். (தொண்டாமுத்தூர்ப் பக்கம் என்றால் யானையும் வரும். நடைப்பயிற்சியை விடிந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.)

மாமாவுக்கு வாங்கத்தான் ஆசை. சொந்த வீட்டில் இருந்தே பழகியவர். ஆனால் இங்கே 'சொந்தம்' என்பதற்கு அர்த்தம் வேறு. தம்பதியில் ஒருவருக்காவது 55 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது மாதிரி ஒரு விதி இருக்கும். வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கலாம், அந்த வயது வரும்வரை அவர்கள் குடியிருக்க முடியாது. விற்கலாமென்றால், வாங்குகிறவர் தானும் குடிவர முடியாத இளவயதுக்காரராக இருந்தால் யோசிப்பார். மறுவிற்பனையில் 7% முத்திரைத் தீர்வை, 2% பதிவுக் கட்டணம் வேறு.

அதைவிடப் பெரிய சிக்கல், கிரயப் பத்திரத்தில் இருப்பது சுவரும் கூரையும்தான். சாப்பாடு, நர்ஸ், ஆம்புலன்ஸ் எல்லாம் தனி ஒப்பந்தம். கட்டியவர் ஒருவர், நடத்துபவர் இன்னொருவர் என்றால் நாளைக்கு நடத்துபவர் கையை விரிக்கும்போது யாரைக் கேட்பது? ஒன்றிய வீட்டுவசதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட மாதிரி வழிகாட்டுதல்கள் இதற்காகத்தான் கட்டுபவர், நடத்துபவர், வாங்குபவர் மூவரும் சேர்ந்த முத்தரப்பு ஒப்பந்தத்தைச் சொல்கின்றன. நாங்கள் கேட்டபோது விற்பனைப் பையன் "அது வந்துடும் சார்" என்றான். வரவில்லை.

பராமரிப்புக் கட்டணத்திலும் ஒரு விஷயம் உண்டு. குடியிருப்போர் சங்கம் வசூலித்தால் உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை ஜிஎஸ்டி கிடையாது. நடத்தும் நிறுவனமே நேரடியாக வசூலித்தால் அந்தச் சலுகை இல்லை. 18% வரி என்பது பென்ஷன்காரருக்குச் சில்லறைக் காசு அல்ல.

வாடகைக்குப் போனாலும் அதே கட்டடம், அதே மெஸ், அதே நர்ஸ்தான். எங்களுக்குக் காட்டிய வீடு, பெற்றோருக்காகப் பிள்ளை வாங்கிப்போட்டு, அவர்கள் காலமான பிறகு பூட்டிக்கிடந்தது. பிடிக்காவிட்டால் கிளம்பிவிடலாம் என்பதுதான் இதில் பெரிய வசதி. பயம் என்னவென்றால், 80 வயதில் வீட்டுக்காரர் "விக்கப் போறேன், காலி பண்ணுங்க" என்றால் எங்கே போவது? 11 மாத ஒப்பந்தத்தில் நிற்காமல் மூன்று வருடத்துக்குப் போட்டுப் பதிவும் செய்துகொண்டால் கொஞ்சம் நிம்மதி.

அந்த வாரத்தில் என் மனதில் நின்றது குளியலறைக் கயிறு. விழுந்தால் இழுக்க வேண்டிய அவசர மணிக்கயிறு. தரை துடைக்கும்போது நனைகிறது என்று யாரோ அதைச் சுருட்டி இடுப்புயரத்தில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். விழுந்தவருக்கு எப்படி எட்டும்? அவிழ்த்துவிட்டு இழுத்துப் பார்த்தேன். நான்கு நிமிடத்தில் நர்ஸ் வந்தார், ஆனால் அது பகல் 11 மணி. இரவு 2 மணிக்கும் இழுத்துப் பார்க்கலாம் என்றேன். "சும்மா இருடா, தூங்குறவங்களை எழுப்பாதே" என்று அக்கா தடுத்துவிட்டாள்.

சாப்பாடு நன்றாகவே இருந்தது. ஏழு மணிக்கே இரவுச் சாப்பாடு, சர்க்கரைக்காரர்களுக்குத் தனி வரிசை. நாற்பது வருடம் அடுப்படியில் நின்ற அக்கா, நான்காவது நாள் "ரசத்துல புளி கம்மி" என்று குறைசொல்லிக்கொண்டே இரண்டாம் முறை வாங்கினாள்.

நங்கநல்லூரில் அதெல்லாம் இல்லை. சமையல்காரம்மா பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பத்து நாள் திண்டாட்டம். ஏஜென்சி ஆள் இன்று ஒருவர், நாளை ஒருவர். ஆனால் மாமா சொன்னதும் நியாயம்தான்: "இங்க மருந்துக்கடைப் பையன்லேருந்து ஆஞ்சநேயர் கோயில் பூக்காரம்மா வரைக்கும் எல்லா வயசுலயும் எனக்கு ஆள் இருக்கு." கோவையில் அந்த ஏழு நாளும் ஒரு குழந்தை அழும் சத்தம்கூடக் கேட்கவில்லை. அமைதி என்று அக்கா சந்தோஷப்பட்டாள், மாமாவால் தாங்க முடியவில்லை.

என் யோசனை வாடகைதான். அங்கே நாம் காசு கொடுப்பது, விழுந்தால் வரும் ஆளுக்கு. அந்த ஆள் மாறக்கூடியவர் என்னும்போது வீட்டில் பணத்தை முடக்குவானேன்? நங்கநல்லூர் வீட்டை விற்காமல் ஒரு வருடம் பார்க்கட்டும். அக்கா ஒத்துக்கொண்டாள், கேஸ் அடுப்பையும் கொண்டுபோவேன் என்ற நிபந்தனையோடு. மாமா இன்னும் பதில் சொல்லவில்லை. மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி போட எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.