மந்தக் காற்றில் பாயை நிமிர்த்த: கயிறா, வாட்டர் ஸ்டார்ட்டா?

பாலக்காட்டுக் கணவாய் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலம். ஆனி, ஆடியில் அந்த வழியாக வரும் தென்மேற்குக் காற்றை நம்பித்தான் பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் எங்கள் பக்கத்துக் குளங்களில் பல நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையில். குளம் தளும்பும்போது காற்று ஓய்ந்திருக்கும். காற்று சுழற்றி அடிக்கும்போது குளத்தில் சேறுதான் இருக்கும். ராமநாதபுரம் கடற்கரையில் விண்ட்சர்ஃபிங் (பாய்மரம் பொருத்திய பலகையில் நின்று காற்றால் நீரில் ஓடும் விளையாட்டு) பழகிவிட்டு போர்டை ஊருக்குக் கொண்டுவந்த பிறகுதான் இது எனக்கு உறைத்தது. இங்கே மிதக்க வேண்டுமென்றால் மந்தக் காற்றில்தான்.

பாய் தண்ணீரில் விழுந்துவிட்டால் அதை எழுப்பி மறுபடி கிளம்ப இரண்டு பெரிய வழிகள் உண்டு. போர்டின் மேல் ஏறி நின்று கயிற்றால் பாயைத் தூக்குவது ஒன்று. இதை அப்ஹால் என்பார்கள். தண்ணீரில் மிதந்தபடியே பாயைக் காற்றுக்குக் காட்டி, அந்தப் பாயே நம்மைத் தூக்கிப் போர்டில் நிறுத்தும்படி செய்வது வாட்டர் ஸ்டார்ட். கடலில் பழகியவர்களுக்கு இரண்டாவதுதான் கௌரவம். முதலாவது புதுசாக வந்தவர்களின் வேலை என்று ஒரு எண்ணம். மந்தக் காற்றில் அந்த எண்ணம் ஆளைக் களைக்க வைத்துவிடும்.

காரணம் எளிமையானது. காற்றின் வேகம் பாதியானால் பாயில் விழும் விசை பாதியாவதில்லை, கால்வாசிதான் மிஞ்சும். மணிக்கு 22 கிலோமீட்டர் காற்றில் சுலபமாகத் தூக்கிவிடும் அதே பாய், 11 கிலோமீட்டரில் நம் எடையில் ஒரு சிறு பங்கைக்கூடத் தாங்காது. எனக்கு அளவுகோல் கண்ணெதிரே நிற்கும் காற்றாலைதான். அதன் இறக்கை சுற்றத் தொடங்க நொடிக்கு 3 முதல் 4 மீட்டர், அதாவது மணிக்கு 11 முதல் 14 கிலோமீட்டர் காற்று வேண்டும். அதுவும் அத்தனை உயரத்தில். தண்ணீர் மட்டத்தில் காற்று இன்னும் குறைவு. இறக்கை சோம்பலாகச் சுற்றினாலோ, நின்றிருந்தாலோ, வாட்டர் ஸ்டார்ட்டை நான் நினைப்பதே இல்லை.

சரி, கயிற்று முறை. பாய்மரத்தின் அடிக்கு இருபுறமும் ஒவ்வொரு கால் வைத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி, பாய் நமக்கு எதிரே காற்று போகும் திசையில் கிடக்கும்படி நிற்க வேண்டும். முழங்கால் மடங்கியிருக்க வேண்டும், முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் கெடுத்துக்கொள்கிறார்கள். கையால் இழுக்கிறார்கள், இடுப்பை வளைக்கிறார்கள், பத்தே முறையில் முதுகு பிடித்துக்கொள்கிறது. கிடக்கும் பாயின் மேல் நிற்பது தண்ணீர். ஒரு லிட்டர் ஒரு கிலோ. அதை ஒரே மூச்சில் தூக்கவே கூடாது.

குளத்து மேட்டில் எருமை மேய்க்கும் ஒரு அப்பாரு நான் திணறுவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கூப்பிட்டார். "கண்ணு, கவலை எறைக்கிற மாடு கையிலயா இழுக்குது? சரிவுல எறங்குது, ஒடம்பு கனத்துல சால் மேல வருது. நீயும் அப்படியே பின்னாடி சாயி சாமி." கவலை என்பது மாடு பூட்டிக் கிணற்றுத் தண்ணீரைச் சாலில் இறைப்பது. அவர் சின்ன வயதில் கவலை ஓட்டியவர், மாடு சரிவில் இறங்கும்போது வடத்தின் மேல் தானும் ஏறி உட்கார்ந்து எடை கொடுப்பாராம். "சரிங்க அப்பாரு" என்று சொல்லிவிட்டு, அவர் சொன்னபடி கையை நீட்டியே வைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு பாய்மரத்தின் ஓரம் ஒரு சாண் மேலே வந்தது. பாயின் மேலிருந்த தண்ணீர் மெல்லிய தகடுபோல் விளிம்பு நோக்கி வழிந்தது, கூடவே ஒரு கொத்து வேலம்பாசியும். வழிய வழிய கயிறு இளகியது. தண்ணீர் முழுக்க வடிந்த நொடியில் பாய் திடீரென்று கனம் இழந்து துள்ளியது. அந்த நொடிக்குத் தயாராக இல்லாவிட்டால் பின்புறமாகத் தண்ணீரில் விழ வேண்டியதுதான். கனம் குறையக் குறைய சாய்வையும் குறைத்துக்கொண்டு, ஒரு கைமேல் ஒரு கையாகக் கயிற்றில் ஏற வேண்டும்.

பாய் காற்று வரும் பக்கமே விழுந்துகிடந்தால் இன்னும் பொறுமை வேண்டும். நுனியை மட்டும் லேசாகத் தூக்கிப் பிடித்தால் காற்றே பாயையும் போர்டையும் சுற்றிக்கொண்டுவந்து சரியான இடத்தில் வைக்கும். பலத்த காற்றில் இது சட்டென்று நடந்துவிடும். மந்தக் காற்றில் அவசரப்பட்டு முழுதாக நிமிர்த்தினால் பாய் நம் மேலேயே சாயும்.

கயிற்று முறையின் குறை, எழுந்த பிறகும் நாம் நின்ற இடத்திலேயே இருக்கிறோம் என்பது. வாட்டர் ஸ்டார்ட்டில் எழும்போதே போர்டு ஓடத் தொடங்கிவிடும். இங்கே கிளம்புவது தனி வேலை. போர்டு காற்றுக்குக் குறுக்காக நிற்கும்படி பாயைச் சாய்த்துத் திருப்பி, முன்கையை, அதாவது போர்டின் முன்பக்கம் இருக்கும் கையை, பூமில் (பாயைப் பிடிக்கும் குறுக்குக் கம்பியில்) வைத்து, பாய்மரத்தை உடம்புக்கு முன்னால் குறுக்கே இழுத்து, அது கையில் எடையே இல்லாமல் நிற்கும் புள்ளியைக் கண்டுபிடிக்க வேண்டும். அப்புறம்தான் பின்கை. அதையும் மெல்ல, கதவைச் சாத்துவதுபோல் மூட வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் அந்தக் கொஞ்சக் காற்றும் பாயில் ஒட்டாது. ஆடிக் காற்றில்போல் உடம்பைப் பின்னால் தொங்கவிடவும் முடியாது, தாங்க ஆளில்லை.

வாட்டர் ஸ்டார்ட்டை மந்தக் காற்றுக்கு இழுத்துவர ஒரு நுணுக்கம் இருக்கிறது. முன்கையை பூமிலிருந்து எடுத்து, அதற்குக் கீழே பாய்மரத்தையே பிடிக்க வேண்டும். பின்கையும் பாயின் அடி விளிம்புக்கு இறங்கலாம். இதனால் பாய் இன்னும் உயரமாக, நிமிர்ந்து நிற்கும். பின்கால் குதிகாலை புட்டத்தோடு ஒட்டுமளவு மடக்கி போர்டை அடியில் இழுத்துக்கொண்டு, உடம்பைச் சுருட்டி, முன்காலால் தண்ணீரை உதைத்தபடி, ஒரு வீச்சு காற்று வரும்வரை காத்திருக்க வேண்டும். 6.5 சதுர மீட்டர் பாயில் எனக்கு இது மணிக்கு 16, 17 கிலோமீட்டர் காற்றில் கைகூடியிருக்கிறது. அதற்குக் கீழே ஒருமுறைகூட இல்லை. காத்துக் கிடக்கும் நேரமெல்லாம் ஆகாயத்தாமரை வேர் காலில் சுற்றும்.

முட்டி போட்டு இழுப்பதையும் சிலர் சொல்வார்கள். விழும் பயம் குறைவுதான். ஆனால் காலின் பலம் சேராததால் பாரமெல்லாம் இடுப்பில் இறங்கும், எனக்கு ஒத்துவரவில்லை. ஆழமில்லாத இடத்தில் தரையில் நின்று ஏறிக்கொள்வது மணல் கரைக்குச் சரி. இங்கே சேற்றில் கால் புதையும், கருவேலங்கட்டை போர்டின் அடித் துடுப்பைப் பதம்பார்க்கும்.

எதைத் தேர்வது என்பதைக் கடைசியில் போர்டின் கொள்ளளவுதான் முடிவுசெய்யும். என் எடை 78 கிலோ, பாய்க்கூட்டம் (பாய், பாய்மரம், பூம் எல்லாம் சேர்த்து) 10, போர்டு 12, மொத்தம் 100. என்னுடையது 150 லிட்டர் போர்டு, குளத்து நீரில் 150 கிலோ வரை தாங்கும். கடலில் உப்பின் தயவால் இன்னும் மூன்று, நான்கு கிலோ. ஆக 50 கிலோ உபரி, ஆடாமல் நிற்கலாம். இதே நான் 95 லிட்டர் போர்டில் ஏறி நின்றால் அது என்னோடு முழுகும். அத்தகைய போர்டு வைத்திருப்பவருக்கு வாட்டர் ஸ்டார்ட்டைத் தவிர வழியில்லை. மந்தக் காற்று நாளில் அவர் கரையிலேயே இருப்பது நல்லது. புதிதாக வாங்குகிறவர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது, கொங்கு நாட்டுக் குளத்துக்குப் பெரிய போர்டு, முடிச்சுப் போட்ட தடித்த கயிறு, இரண்டும் வேண்டும். மெல்லிய கயிறு உள்ளங்கையை அறுத்துவிடும்.

காற்று அறவே நின்றுபோனால் இரண்டு முறையும் உதவாது. பாயைப் போர்டின் பின்பக்கத்தின் மேல் கிடத்தி, முன்னால் குப்புறப் படுத்து, கையால் தள்ளிக்கொண்டே கரைக்கு வர வேண்டும். அதற்கு அரைமணி நேரம் ஆகலாம். உயிர்காப்புச் சட்டை போட்டிருக்க வேண்டும், கரையில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எனக்கு அந்த அப்பாரு இருக்கிறார்.