பழுதில்லாத பொருள், பொருந்தாத வீடு: யாரிடம் போனால் பணம் திரும்பும்?

மேல்மாடி வீட்டுக்கு வாங்கிய ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின், தண்ணீர் வரவில்லை என்று பாதியில் நின்றுவிடுகிறது. ஊட்டி வீட்டுக்குக் கல்யாணச் சீராக வந்த ஃப்ரிட்ஜில் டிசம்பர் மாதம் ஐஸ் உருகுகிறது. கடற்கரை ஓரம் மாட்டிய ஏசியின் வெளி யூனிட் இரண்டாவது வருடமே அரித்துப்போய் கேஸ் கசிகிறது. மூன்று வீட்டிலும் சர்வீஸ் ஆள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பொருள்ல குறை இல்லைங்க, உங்க இடம்தான் சரியில்லை." அதைக் கேட்டதும் பெரும்பாலோர் நம் தலைவிதி என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. கம்பெனி, கடை, 1915 உதவி எண், மாவட்ட நுகர்வோர் ஆணையம் என்று நான்கு வழிகள் இருக்கின்றன. ஆனால் இந்த வகைப் பிரச்சினைக்கு நான்கும் ஒரே அளவு பலன் தருவதில்லை. நம்மில் பலர் முதலில் பிடித்துத் தொங்கும் வழிதான் இருப்பதிலேயே பலவீனமானது.

வாஷிங் மெஷினையே எடுத்துக்கொள்வோம். அதற்குள் தண்ணீரை விடும் வால்வு திறக்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். பல மாடல்களின் கையேட்டில் 0.3 பார் அல்லது 0.5 பார் என்று போட்டிருக்கும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். அப்படியென்றால் 0.3 பாருக்கே குழாய்க்கு மேலே மூன்று மீட்டர் உயரத்தில் தண்ணீர் மட்டம் இருக்க வேண்டும், 0.5 என்றால் ஐந்து மீட்டர். டேங்க் மொட்டைமாடித் தரையிலேயே உட்கார்ந்திருக்கும் கட்டடத்தில், அதற்கு நேர் கீழ் வீட்டுக்குக் கிடைப்பது இரண்டு, இரண்டரை மீட்டர்தான். அதே மெஷின் தரைத்தளத்தில் அருமையாக ஓடும். கம்பெனி ஆள் சொன்னது பொய்யில்லை, மெஷினில் குறை இல்லைதான். ஆனால் விற்கும்போது "எத்தனையாவது மாடி, டேங்க் எங்கே?" என்று யாரும் கேட்கவில்லையே.

ஃப்ரிட்ஜுக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. எந்த அறை வெப்பத்துக்கு ஏற்றது என்பதை ஆங்கில எழுத்தால் குறித்திருப்பார்கள். 'டி' (T) வகை என்றால் அறை வெப்பம் 16 முதல் 43 டிகிரி வரை இருக்கும் இடத்துக்கு. 'எஸ்டி' (ST) என்றால் 16 முதல் 38. 'என்' (N) என்றால் 16 முதல் 32 மட்டும்தான். மே மாத வேலூர் சமையலறைக்கு அது ஆகாது. 'எஸ்என்' (SN) வகை கீழே 10 டிகிரி வரை தாங்கும். இந்த எழுத்து ஃப்ரிட்ஜின் உள்பக்க ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். ஒரே தெர்மோஸ்டாட் உள்ள ஃப்ரிட்ஜைக் குளிர்காலத்து ஊட்டி அறையில் வைத்தால், கீழ் அறை தானாகவே குளிர்ந்து கிடக்கும். கம்ப்ரஸருக்கு ஓட வேண்டிய தேவையே தெரியாது. அது ஓடாததால் மேலே ஃப்ரீஸர் சூடேறிவிடும்.

இனி வழிகளுக்கு வருவோம். கம்பெனியின் வாரன்டி அட்டையைப் படித்தால் புரியும்: அது ஏற்பது தயாரிப்புக் குறையை மட்டும். தண்ணீர் அழுத்தம், உப்புத் தண்ணீர், வோல்டேஜ் ஏற்ற இறக்கம், உப்புக்காற்று அரிப்பு எல்லாம் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும். ஆகவே டெக்னீஷியன் 'பொருளில் குறை இல்லை' என்று எழுதியதுமே கம்பெனி கதவு ஏறக்குறைய மூடிவிடும். திரும்பத் திரும்ப கஸ்டமர் கேருக்குப் போன் செய்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு டெக்னீஷியன் வருவார், அதே வரியை எழுதுவார், வாரங்கள் ஓடும். கடையிடம் கேட்க வேண்டிய காலம் அதில் கரைந்துபோகும். இதுதான் எனக்கு மிகவும் ஆற்றாமையாக இருக்கும் இடம்.

கடை அப்படியில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், 16-ஆம் பிரிவு: எந்தக் குறிப்பிட்ட காரியத்துக்குப் பொருள் வேண்டும் என்று வாங்குபவர் விற்பவருக்குத் தெரியப்படுத்தி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், அந்தக் காரியத்துக்கு நியாயமான அளவு பொருந்துவதாகப் பொருள் இருக்க வேண்டும். இது எழுதப்படாத நிபந்தனையாகவே விற்பனையில் சேர்ந்துவிடுகிறது. "மேல்மாடி வீடு, டேங்க் தலைக்கு மேலேதான் இருக்கு, இது சரிவருமா?" என்று நீங்கள் கேட்டு, "அதெல்லாம் நல்லா ஓடும் சார்" என்று அவர் சொல்லியிருந்தால், பொறுப்பு அவருடையது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதற்கு இன்னும் வலு சேர்க்கிறது. அதில் 'குறைபாடு' என்பதற்குத் தரும் விளக்கத்தில், ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய தரத்தில் குறைவது மட்டுமல்ல, விற்பவர் எந்த விதத்தில் சொல்லியிருந்தாலும் அந்தச் சொல்லுக்குக் குறைவாக இருப்பதும் அடங்கும். கம்பெனிக்குக் குறையில்லாத பொருள், கடைக்காரர் சொன்ன வார்த்தையால் சட்டத்தின் கண்ணில் குறையுள்ள பொருளாகிவிடுகிறது.

டெக்னீஷியன் கொடுத்த அந்த சர்வீஸ் ரிப்போர்ட்டையும் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். 'தண்ணீர் அழுத்தம் போதவில்லை' என்ற வரி வாரன்டிக் கோரிக்கையைக் கொன்றுவிடும். கடைக்கு எதிராகவோ அதே வரிதான் உங்கள் சாட்சி: பொருள் இந்த வீட்டுக்குப் பொருந்தாது என்று தயாரிப்பாளரின் ஆளே எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே அந்தத் தாளைக் கிழித்துப்போடாதீர்கள். 'திருப்தி' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போடாமல், நடந்ததை எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள்.

கடை வழியிலும் இரண்டு ஓட்டைகள் உண்டு. நீங்களே உள்ளே போய் "இந்த பிராண்டில் இந்த மாடல் கொடுங்க" என்று பெயர் சொல்லி வாங்கியிருந்தால், 16-ஆம் பிரிவின் இந்த நிபந்தனை பொருந்தாது என்று அதே பிரிவில் விலக்கு இருக்கிறது. வீட்டு நிலைமையைச் சொல்லி ஆலோசனை கேட்டதற்கு அடையாளம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும். இரண்டாவது, தாமதம். பொருந்தவில்லை என்று தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் சும்மா வைத்துக்கொண்டிருந்தால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். அப்புறம் நஷ்டஈடு கேட்கலாமே தவிர, திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும்.

பில்லின் அடியில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று அச்சடித்திருக்கிறதே என்று தயங்குகிறவர்கள் நிறைய. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை 2019 சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. ஆகவே முதல் 30 நாளுக்குள் எழுத்து மூலமாகக் கேட்டுவிடுவது முக்கியம்.

இணையத்தில் வாங்கினால்? விலை குறைவாக இருக்கலாம், ஆனால் பொருத்தம் என்ற விஷயத்தில் கடைதான் மேல் என்பது என் கருத்து. இணையத்தில் உங்கள் வீட்டைப் பற்றிக் கேட்கவும் ஆள் இல்லை, நீங்கள் சொல்லவும் வழி இல்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். இந்தியாவில் அப்படி ஒரு பொது உரிமை இல்லை. பெரிய பொருட்களுக்கு தளங்கள் தருவது பெரும்பாலும் சில நாள் அவகாசம், அதுவும் டெக்னீஷியன் குறை என்று சான்று தந்தால் மட்டும். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளில் ஒரு பிடி இருக்கிறது: விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பவர் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. 'குறைந்த அழுத்தத்திலும் தண்ணீர் எடுக்கும்' என்று பக்கத்தில் போட்டிருந்தால், அதை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் வந்தது என்று பதில் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

கடையோ தளமோ கையை விரித்தால், 1915. தேசிய நுகர்வோர் உதவி எண் இலவசம், தமிழில் பேசலாம். புகாரைப் பதிந்து எண் கொடுத்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். பெரிய கடைத் தொடர்களும் இணைய தளங்களும் இதற்குப் பல நேரம் பதில் தருகின்றன. ஆனால் உத்தரவு போடும் அதிகாரம் அங்கே இல்லை. தெருமுனைக் கடைக்காரர் கண்டுகொள்ளாமல் விட்டால் அத்தோடு சரி. புகார் கொடுத்த தேதிக்கு ஒரு பதிவு கிடைக்கிறது என்பதற்காகவே இதைச் செய்யலாம். அதற்காகக் காத்துக்கிடக்க வேண்டாம்.

மாவட்ட ஆணையம் என்றால் பலருக்கும் கோர்ட் பயம். உண்மையில் வீட்டுப் பொருளுக்கு இது எட்டிப்பிடிக்கக்கூடிய இடம்தான். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், கடை எந்த ஊரில் இருந்தாலும் சரி. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பணம் திரும்ப, பொருளை மாற்றித் தர, நஷ்டஈடு, வழக்குச் செலவு என எல்லாவற்றுக்கும் உத்தரவிடும் அதிகாரம் அதற்கு உண்டு. சோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்திலும், தேவைப்பட்டால் 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைத் தாண்டி இழுப்பது சகஜம். அதனால்தான் கடைக்காரர் இறங்கி வந்தால் பேசி முடிப்பதை நான் விரும்புவேன்.

சீராக வந்த ஃப்ரிட்ஜுக்கு ஒரு வார்த்தை. பில் அப்பா பெயரில், பயன்படுத்துவது மகள் என்றால், மகளே புகார் கொடுக்கலாம். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரையும் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது. ஆனால் 'ஊட்டி வீட்டுக்கு' என்று வாங்கும்போது கடையில் சொன்னாரா என்பதை அப்பாவிடம்தான் கேட்க வேண்டும்.

பேசி முடிக்கும்போது எதைக் கேட்பது? முழுப் பணம் கேட்டால் கடைக்காரர் முறுக்கிக்கொள்வார். குறைந்த அழுத்தத்திலும் ஓடும் மாடலுக்கு மாற்றி, வித்தியாசத்தை மட்டும் கணக்குப் பார்ப்பது அவருக்கும் எளிது. பிரஷர் பம்ப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால், பம்ப்பும் அதைப் பொருத்தும் செலவும் அவருடையது என்று எழுதி வாங்குங்கள். வாடகை வீடாக இருந்தால் பம்ப் யோசனையே வேண்டாம். பொது டேங்க் குழாயில் கை வைக்க வீட்டு உரிமையாளர் சம்மதிக்க வேண்டும், அடுத்த வீட்டுக்குப் போகும்போது அதே தலைவலி வேறு வடிவில் வரும்.

ஏசியில் மட்டும் இந்தக் கணக்கு மாறுகிறது. வாஷிங் மெஷின் முதல் நாளே காட்டிக்கொடுத்துவிடும். உப்புக்காற்று மெதுவாகத்தான் தின்னும். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓர வீடுகளில் சாக்கடையிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு செம்புக் குழாயை அரிக்கும். அரிப்பு தெரியவரும்போது 30 நாளெல்லாம் எப்போதோ முடிந்திருக்கும், திருப்பிக் கொடுக்கும் பேச்சுக்கே இடமில்லை. மிச்சம் நஷ்டஈடு மட்டும். ஆணையத்துக்குப் போக, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம். அந்த நாள் எது என்பதில் எதிர்த்தரப்பு வாதம் செய்யும் என்பதால், வாங்கிய தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம். கடலோரம் என்று சொல்லி வாங்கும்போதே, அரிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள மாடல்தான், இந்த முகவரிக்குப் பொருந்தும் என்று பில்லிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் அந்த ஏசியை வாங்காதீர்கள்.