உச்சி வெயிலுக்கு ஒரு கேமரா: பினாங்கில் ஏழாண்டு அகச்சிவப்புப் பட அனுபவம்

பினாங்கில் படம் எடுப்பவர்கள் யாரும் நண்பகலை விரும்புவதில்லை. காலை ஒன்பதரைக்கு மேல் வெயில் ஏறி, வானம் வெளுத்து, முகங்களின்மேல் கறுப்பு நிழல் விழத் தொடங்கியதும் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு நிழலான ஒரு கோப்பிக் கடையைத் தேடிப் போய்விடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். 2018-ஆம் ஆண்டில் லோரோங் கூலிட் காலைச் சந்தையில் 60 ரிங்கிட் கொடுத்து ஒரு பழைய கேனன் பவர்ஷாட் ஜி2 கேமராவை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி ஒன்றை அதில் பொருத்திய பிறகு, என் ஞாயிற்றுக்கிழமைகளின் நேரக்கணக்கே மாறிவிட்டது. இப்போது நான் வீட்டிலிருந்து புறப்படுவதே பதினொரு மணிக்குத்தான்.

அந்தக் கேமரா 2001-இல் வெளிவந்தது. 40 இலட்சம் படப்புள்ளிகள் மட்டுமே கொண்டது. இத்தனை பழைய கருவியை நான் விரும்பி வாங்கியதற்குக் காரணம் உண்டு. நம் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள ஒளியைக் காண்கிறது. கேமராவில் ஒளியைப் பதியும் சில்லான சென்சார் சிலிக்கானால் ஆனது. அது 1,100 நானோமீட்டர் வரை உணரும். 700-க்கு மேலுள்ள, கண்ணுக்குத் தெரியாத அந்த அகச்சிவப்பு ஒளி உள்ளே புகுந்தால் சாதாரணப் படங்களின் நிறம் கெடும் என்பதால், சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் மெல்லிய கண்ணாடித் தகடு ஒன்றை வைத்தே ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் கேமராக்களை உருவாக்குகின்றன. தொடக்ககாலச் சிறு கேமராக்கள் பலவற்றில் இந்தத் தடுப்பு வலுக்குறைவாக இருந்தது. பின்னாளில் அது வலுவாக வலுவாக, வடிகட்டி போட்டு எடுக்கும் படத்துக்குத் தேவைப்படும் நேரமும் நீண்டுகொண்டே போனது. ஆகவே இந்த ஒரு வேலைக்கு மட்டும் புதிய கேமராவைவிடப் பழைய கேமராவே மேல். நிக்கான் கூல்பிக்ஸ் 950-உம் இதற்குப் பெயர் பெற்றதுதான். சோனியின் எஃப்707, எஃப்717 இரண்டிலும் இருட்டில் படமெடுப்பதற்காகத் தடுப்புத் தகட்டையே நகர்த்திவிடும் வசதி இருந்தது. ஆயினும் அந்த நிலையில் ஷட்டர் வேகத்தையும் துளையளவையும் கருவியே வரையறுத்துவிடுவதால், பகலில் கூடுதலாக ஒளிகுறைக்கும் வடிகட்டியும் போட வேண்டியிருக்கும்.

சந்தைக்கு நான் தொலைக்காட்சி ரிமோட் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தேன். ரிமோட்டின் முனையிலுள்ள சிறு விளக்கு அகச்சிவப்பில் மின்னுவதால், அதைக் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்தினால், தடுப்பு வலுக்குறைந்த கருவியின் திரையில் அது பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். வலுவான கருவியில் மங்கலான ஊதாப் புள்ளியாகத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். கடைக்காரத் தம்பி, “கேமரா பாக்க வந்துட்டு ரிமோட்ட வெச்சு என்னண்ணே பண்றீங்க?” என்று கேட்டார். திரையில் அந்த வெளிச்சத்தைக் காட்டியதும் அவரே கடையிலிருந்த மற்ற கேமராக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார். ஐந்து கருவிகளைச் சோதித்ததில் இந்த ஒன்றில்தான் விளக்கு கண்ணைக் கூசும்படி எரிந்தது. பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் ஒரு ரிமோட் கொண்டுபோனால் போதும். தடுப்பின் வலுவை அறிய வேறு சோதனை எதுவும் தேவையில்லை.

வடிகட்டி விஷயத்தில் நான் பணத்தை வீணாக்கினேன். முதலில் இணையத்தில் மலிவாகக் கிடைத்த, 720 நானோமீட்டர் என்று, அதாவது அந்த அலைநீளத்துக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடும் என்று, அச்சிட்ட ஒன்றை வாங்கினேன். அகச்சிவப்புப் படத்தில் வெளுத்துத் தெரிய வேண்டிய இலைகள் வெளுக்கவே இல்லை. எல்லாம் சிவப்புத் தாளுக்குப் பின்னால் வைத்துப் பார்த்ததுபோல இருந்தன. கேமராவின் குறை என்று நினைத்து இரண்டு மாதம் அலைந்தேன். பிறகு அந்த வடிகட்டியை வெயில்படும் சுவரை நோக்கிப் பிடித்துப் பார்த்தபோது, சுவரும் சன்னலும் தெளிவாகவே தெரிந்தன. கண்ணுக்குத் தெரியும் சிவப்பை அது தாராளமாக உள்ளே விட்டிருக்கிறது. உண்மையான 720 வடிகட்டி வழியாகப் பார்த்தால், மிகப் பிரகாசமான பொருள்கள் மட்டும் ஆழ்ந்த சிவப்பில் மங்கலாகத் தெரியும்; 850 வடிகட்டியில் எதுவுமே தெரியாது. இந்தச் சோதனையைச் செய்யும்போது சூரியனை மட்டும் ஒருபோதும் பார்க்கக் கூடாது. வடிகட்டி கறுப்பாக இருப்பதால் கண்மணி விரியும். கண்ணுக்குத் தெரியாத கதிரோ குறையாமல் உள்ளே போகும். அடுத்ததாக ஹோயா நிறுவனத்தின் ஆர்72 என்ற 720 வடிகட்டியை வாங்கினேன். கேமராவின் முன்பக்கத்தில் திருகிப் பொருத்தும் 58 மில்லிமீட்டர் இணைப்புக் குழாய் கிடைத்ததால் அது கச்சிதமாக உட்கார்ந்தது. இன்றுவரை அதே வடிகட்டிதான்.

இந்தப் படங்களைப் பார்ப்பவர்களில் பலர், பெருந்தொற்றுக் காலத்தில் கடைவாசல்களில் உடல் வெப்பம் பார்த்த கருவியோடு இதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். அந்தக் கருவிகள் காணும் கதிரின் அலைநீளம் 8,000 நானோமீட்டருக்கும் மேல். நம் கேமராவில் பதிவது வெப்பமல்ல; பொருள்களின்மேல் பட்டுத் திரும்பும் சூரிய ஒளிதான். வில்லியம் ஹெர்ஷல் இக்கதிரைக் கண்டறிந்தது 1800-இல். இராபர்ட் வுட் இதைக் கொண்டு நிலக்காட்சிகளை எடுத்து வெளியிட்டது 1910-இல். இலைகள் பனி படர்ந்ததுபோல வெளுக்கும் தன்மைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. பச்சையம் சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்ளும், அகச்சிவப்பை உறிஞ்சாது. இலைக்குள் செல்களுக்கு இடையிலுள்ள காற்றிடைவெளிகளில் அது சிதறிப் பெருமளவு வெளியே திரும்பிவிடுகிறது. நிலமெங்கும் பச்சை மண்டிக் கிடக்கும் நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கலை வேறு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் ஓராண்டு முழுவதையும் நான் தாவரவியல் பூங்காவிலேயே கழித்தேன். 1884-இல் தொடங்கப்பட்ட அந்தத் தோட்டத்தில் நாகலிங்க மரங்களும் மூங்கில் புதர்களும் அருவியிலிருந்து வரும் ஓடையும் இருப்பதால், ஒரே இடத்தில் பலவகை இலைகளையும் நீரையும் ஒப்பிட்டுப் பழக முடிந்தது. உணர்திறன் ஐஎஸ்ஓ 50, துளையளவு எஃப்/4 என்று வைத்து, நல்ல வெயிலில் ஏறத்தாழ ஒரு நொடி ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும். முக்காலி இல்லாமல் நடக்காது. துளையைச் சுருக்கி எஃப்/8-க்குப் போனால் எல்லாம் கூர்மையாகும் என்று நினைத்தது தவறு. அலைநீளம் கூடக் கூட ஒளி துளையின் விளிம்பில் விலகிப் பரவுவதும் கூடுவதால், இத்தனை சிறிய சென்சாரில் எஃப்/8 படம் மென்மையாகிவிடுகிறது. குவியத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அகச்சிவப்பு சற்று வேறு இடத்தில் குவிவதால், ஃபிலிம் காலத்தில் வில்லைமேல் அதற்கென்று தனியாக ஒரு சிவப்புக் குறி இருக்கும், அதைப் பார்த்துத் திருப்ப வேண்டும். இந்தக் கேமராவோ சென்சாரில் விழும் உருவத்தைப் பார்த்தே குவிப்பதால் அந்த வேறுபாடு தானாகவே சரியாகிவிடுகிறது. குவியம் தடுமாறும் நேரங்களில், அகலக் கோணத்தில் இரண்டு மீட்டரில் கையால் வைத்துவிட்டால், அருகிலுள்ள புல்லிலிருந்து தொலைவிலுள்ள மலை வரை எல்லாம் தெளிவாக விழும்.

எதை வெள்ளையாகக் கொள்ள வேண்டும் என்று கேமராவுக்குச் சொல்லும் வெண்சமநிலையைத் தொடக்கத்திலேயே சரிசெய்ய வேண்டும். வடிகட்டியைப் போட்டபடியே வெயில்படும் புல்தரையை நோக்கி அதைப் பதிந்துகொள்ளாவிட்டால் படம் முழுவதும் இரத்தச் சிவப்பாகவே இருக்கும். நான் எப்போதும், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்து, வீட்டில் ராதெரபி செயலியில் திறந்து, பிறகு கிம்ப் செயலியில் வேலை செய்கிறேன். படத்தின் சிவப்பு நிற வழித்தடத்தையும் நீல நிற வழித்தடத்தையும் இடம் மாற்றினால், செங்கபில நிறமாயிருந்த வானம் நீலமாகி, இலைகள் இளமஞ்சள் கலந்த வெண்மையாகும். முதல் ஆண்டில் அந்த நிறமாற்றம் என்னை ஆட்கொண்டிருந்தது. பின்னர் அது சலித்துவிட்டது. கறுப்பு வெள்ளையில் வைத்தால்தான் ஆலமரத்து விழுதுகளின் கருமையும் இலைகளின் ஒளியும் தம் முழு வலிமையோடு நிற்கின்றன என்பது என் தீர்ப்பு.

நேரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1982 முதல் தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி முன்னே தள்ளி வைத்திருப்பதால், பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பிற்பகல் 1.20 மணிக்கு. பதினொன்றரை முதல் மூன்று மணி வரை மரங்களின் முடிமேல் நேராக விழும் வெயிலில்தான் இலைகள் மிக அதிகமாக வெளுக்கின்றன. அதற்குப் பிறகு வரும் சிக்கலைச் சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் எனக்குக் கற்றுத் தந்தன. மலாய்க்காரர்கள் இம்மரத்தைப் ‘பூக்குல் லீமா’, அதாவது ‘ஐந்து மணி’ என்று அழைப்பார்கள். மாலை நெருங்கும்போதும் மழை இருட்டிக்கொண்டு வரும்போதும் அதன் சிற்றிலைகள் மடிந்துவிடுவதால், வெண்குடை விரித்தாற்போல் நண்பகலில் நிற்கும் மரம், மாலைப் படத்தில் கம்பிக்கூடுபோல் ஆகிவிடுகிறது. வானம் கறுப்பாக விழ வேண்டுமென்றால் காற்றில் ஈரமும் தூசியும் குறைந்திருக்க வேண்டும். இரவெல்லாம் மழை கொட்டிவிட்டு மறுநாள் பளிச்சென்று விடிந்தால் நான் விடுப்பு எடுக்கக்கூட யோசிப்பதில்லை.

வெயிலில் திரையைப் பார்ப்பது கடினம் என்பதால் கறுப்புக் குடை ஒன்று எப்போதும் என்னோடு இருக்கும். தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் ஒருமுறை அந்தக் குடையோடு நின்றுகொண்டிருந்தபோது, பூ விற்கும் அம்மா ஒருவர், “என்ன தம்பி, எல்லாரும் நிழலுக்கு ஓடுற நேரத்துல நீங்க இங்க நிக்கிறீங்க, மயக்கம் வந்துடப்போவுது” என்று சொல்லி ஒரு போத்தல் தண்ணீர் கொடுத்தார். அன்று அவரையும் ஒரு படம் எடுத்து, அடுத்த வாரம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் முகம் மெழுகு பூசியதுபோல வெளுத்தும், கண்கள் குழிபோலக் கறுத்தும் இருந்தன. அவர் உடுத்தியிருந்த அரக்குச் சேலை வெள்ளையாகியிருந்தது. “இது நானா?” என்று மட்டும் கேட்டார். கரிய தோல் அகச்சிவப்பைக் கண்ணொளியளவுக்கு உறிஞ்சுவதில்லை. சாயங்கள் பலவும் அப்படித்தான். நம் நிறத்தைத் துடைத்துவிடும் ஒரு கருவியால் நம்மவர்களைப் படம் எடுப்பதற்கு அதன்பின் எனக்கு மனம் வரவில்லை. மரங்களுக்கும் மலைகளுக்கும் கட்டடங்களுக்கும் மட்டுமே இதைப் பயன்படுத்துகிறேன்.

ஒரு நொடி ஷட்டர் என்பதன் பெரிய குறை, காற்று. கடற்காற்று எழும் நேரமும் நல்ல வெயில் நேரமும் ஒன்றாகவே இருப்பதால் தென்னை ஓலைகள் எப்போதும் கலைந்துதான் விழுந்தன. அதனால் 2021-இல் வேறொரு சிறிய கேமராவை, உள்ளேயிருக்கும் தடுப்புத் தகட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 720 வடிகட்டிக் கண்ணாடியை வைத்துத் தரும்படி ஒரு பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தேன். வேலை முடிந்து வந்தபோது கையில் பிடித்தே 1/125 நொடியில் எடுக்க முடிந்தது. ஓலையின் ஒவ்வொரு கீற்றும் நின்றது. ஆனால் கண்ணாடிக்கும் சென்சாருக்கும் இடையே தூசி அடைபட்டிருந்தது, துளையைச் சுருக்கும்போதெல்லாம் வானத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தன. இரண்டுமுறை திருப்பிக் கொடுத்தும் முழுதாகச் சரியாகவில்லை. அதோடு, எஃப்/5.6-ஐத் தாண்டினால் படத்தின் நடுவில் வெளிறிய வட்டம் ஒன்று விழுந்தது. வில்லையின் பூச்சுகள் கண்ணொளிக்கென்று அமைந்தவை. அகச்சிவப்பு உள்ளே எதிரொளித்து இப்படி வருவதுண்டு. மாற்றி அமைக்க எண்ணும் கேமராவின் வில்லைக்கு இந்த வட்டம் உண்டா என்று, மாற்றும் முன்பே வடிகட்டி போட்டு எடுத்துப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்கவில்லை. வீட்டிலேயே பிரித்து இதைச் செய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: ஃபிளாஷுக்கு மின்சாரம் தரும் மின்தேக்கியில், பேட்டரியைக் கழற்றிய பின்னும் 300 வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் திறக்க வேண்டாம்.

பராமரிப்பில் பெரிய சிக்கல் எதுவும் வரவில்லை. பழைய கேமராவுக்கு வேண்டிய பிபி-511 வகை பேட்டரி இன்னும் கிடைக்கிறது. ஈரப்பதம்தான் நம் ஊரில் கருவிகளுக்குக் கூற்றுவன்; வில்லையில் பூஞ்சை பிடித்து முற்றிவிட்டால் பிறகு முழுதாகச் சரிசெய்வது கடினம். ஆகவே இரண்டு கேமராக்களையும் வடிகட்டியையும் ஈரப்பதம் 45 விழுக்காட்டில் நிற்கும் உலர்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

இந்த ஏழாண்டில் எனக்கு மிகப் பிடித்த படம் பாடாங் கோத்தா கடற்கரையிலிருந்து எடுத்தது. அக்கரையில், கெடாவில், 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை இருக்கிறது. சோழர் காலக் கடாரத்தின் எச்சங்கள் கிடக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அதன் அடிவாரத்தில்தான். மெல்லிய மூட்டம் உள்ள நாளில் கண்ணுக்கு அந்த மலை சாம்பல் தீற்றலாகவே தெரியும், சில நாள்களில் அதுவும் தெரியாது. அலைநீளம் கூடிய ஒளி நுண்ணிய துகள்களால் குறைவாகவே சிதறுவதால், அகச்சிவப்பில் அதே மலை தன் மடிப்புகளோடும் காட்டின் வெண்மையோடும் எழுந்து வருகிறது. இதற்கும் ஓர் எல்லை உண்டு: பனிமூட்டத்தின் நீர்த்துளிகளை இக்கதிர் ஊடுருவாது, 2019 செப்டம்பரில் வந்ததுபோன்ற அடர்ந்த புகைமூட்டத்திலும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. மழை குறைந்த சனவரி, பிப்ரவரி மாதங்களில், பகல் 12 மணி வாக்கில், ஐஎஸ்ஓ 50, எஃப்/4, முக்காலி தாழ்வாக, கடற்சுவரின் மறைவில் காற்றுப் படாமல் வைத்தால், அந்த மலை அங்கே கிடைக்கும்.