பழைய பாய்மரப் படகு: முழுக் காப்பீடா, மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமா?

பிரிட்டனில் 1970களில் கட்டிய வெஸ்டர்லி சென்டார் என்ற வகைப் பாய்மரப் படகு ஒன்றை வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 26 அடி நீளம், ஃபைபர்கிளாஸ் உடல், அடியில் இரட்டைக் கீல், அதாவது படகு கவிழாமல் நிலைநிறுத்த அடிப்பகுதியில் பொருத்திய இரண்டு கனமான தகடுகள். கடலில் ஓட்ட இன்சூரன்ஸ் கட்டாயம் என்று அங்கே பொதுச் சட்டம் இல்லை. ஆனால் மூன்றாம் நபர் பாலிசிகூட இல்லாதவருக்கு மரீனாக்காரர்கள் (படகுகளைக் கட்டிவைக்கும் துறை நடத்துபவர்கள்) பொதுவாக இடம் தருவதில்லை.

முழுக் காப்பீட்டில் படகு மூழ்கினாலோ திருடுபோனாலோ பணம் வரும். தலைவலி சர்வேதான், அதாவது படகின் நிலையை நிபுணர் பரிசோதிப்பது. 20, 25 வயது தாண்டிய படகென்றால், கரையில் தூக்கிவைத்துப் பார்த்த அறிக்கையைப் பல கம்பெனிகள் கேட்கும். சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் கேட்கும். சர்வேயர் சுத்தியலால் தட்டுவார், ஈரமானி வைப்பார், கடல்நீர் வால்வுகளைத் திருகிப் பார்ப்பார், கீல் போல்ட்டுகளில் துரு தேடுவார். சென்டாரில் கீல் உடலோடு சேரும் இடம் பேர்போன பலவீனம். அங்கே அவர் வெகுநேரம் குனிந்திருந்தால் பயப்படாதீர்கள், நல்ல ஆள்தான். கட்டணத்தோடு செலவு நிற்காது: கிரேன் வாடகை தனி. உடனே சரிசெய்யச் சொன்னதைச் செய்யாமல் விட்டால் இழப்பீடு கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளுக்குப் பத்து வயதானால் மாற்றச் சொல்வதும் சகஜம்.

மூன்றாம் நபர் பாலிசிக்குப் பெரும்பாலும் சர்வே தேவையில்லை, பிரீமியமும் குறைவு. பக்கத்துப் படகில் இடித்தால் கைகொடுக்கும். உங்கள் படகு போனால் போனதுதான். மூழ்கிய படகை அகற்றும் செலவு அதில் உண்டா என்று மட்டும் கேட்டுவிடுங்கள். அந்த பில் படகின் விலையையே தாண்டலாம்.

விலை மலிவான சென்டாருக்கு நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். சர்வேயரையும் கூப்பிடுவேன், கம்பெனிக்காக அல்ல, பணம் கொடுக்கும் முன் அந்தக் கீலைப் பார்க்க.