பிரியஸ் 30: பற்றரியைக் கேட்குமுன் கூலன்ட் போத்தலைப் பாருங்கள்

பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் காரான டொயோட்டா பிரியஸில் பழையதை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "பற்றரி எப்படி?" என்றுதான். 2009 முதல் 2015 வரை வந்த மூன்றாம் தலைமுறை, அதாவது 30 மொடல் என்றால், அது இரண்டாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. இந்தக் கார் பணத்தை விழுங்கும் இடம் அதன் 1.8 லீற்றர் எஞ்சின். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றபின் இருந்ததையே மாற்றி மாற்றி விற்றோம். இன்று கைக்கு வருவது பத்து வயது தாண்டிய கார். மீற்றரில் தெரியும் கிலோமீற்றரை நம்பாதீர்கள்.

பார்க்கப் போகும்போது கார் இரவு முழுக்க நின்றிருக்க வேண்டும். நீங்கள் வருமுன் "சூடாக்கி" வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள். எஞ்சின் முதன்முதலாகப் பற்றும்போது பத்து, இருபது விநாடி டாஷ்போர்ட் வரைக்கும் தடதடவென்று ஆடி, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் அமைதியானால், இரவில் கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) ஒரு சிலிண்டருக்குள் கசிந்திருக்கிறது என்பதே முதல் சந்தேகம். எஞ்சின் புளொக்குக்கும் மேல்மூடிக்கும் நடுவே கசியாமல் அடைத்திருக்கும் ஹெட் கஸ்கட் போகத் தொடங்கியதன் அடையாளம் அது. "எஞ்சின் மவுண்ட் பழசு", "பிளக் மாத்தினால் சரி" என்பார்கள். பிளக்கும் கொயிலும் மாற்றியபின் ஒரு மாதம் அடங்கும், பிறகு திரும்ப ஆடும்.

உறுதி செய்ய வழி இருக்கிறது. கூலன்ட் மூடி இருக்கும் இடத்தில் பிரஷர் பம்பைப் பூட்டி, மூடியில் எழுதிய அழுத்தத்துக்கு மேல் போகாமல் ஏற்றி, சில மணி நேரம் விடுங்கள். பிறகு நான்கு பிளக்கையும் கழற்றிச் சின்னக் கமராவை உள்ளே விட்டுப் பாருங்கள். மூன்று பிஸ்டன் கரி பிடித்துக் கறுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோலப் பளிச்சென்றும் இருந்தால் மேலே பேச ஒன்றுமில்லை. கசிவை அடைக்க ஊற்றும் மருந்துப் போத்தல்கள் ஹீட்டர் கோரையும் கீழே சொல்லப்போகும் இஜிஆர் கூலரையும் சேர்த்தே அடைக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கஸ்கட் ஏன் போகிறது? புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்துத் திரும்ப இன்டேக்குக்கு அனுப்புவது இஜிஆர். அதன் கூலருக்குள் இருக்கும் மெல்லிய தகடுகளுக்கிடையே கரி அப்பிக்கொள்கிறது. இன்டேக் மெனிஃபோல்டில் சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் நான்கு சின்ன ஓட்டைகளும் அடைபடும். அதுவும் சமமாக அடைபடாது. எந்தச் சிலிண்டருக்குப் புகை குறைகிறதோ அது மற்றவற்றைவிடச் சூடாக எரியும். கஸ்கட் அங்கேதான் விட்டுக்கொடுக்கிறது என்பது இந்த எஞ்சினைப் பிரித்துப் பழகிய பலரின் முடிவு. ஸ்கேனரில் இஜிஆர் ஓட்டம் குறைவு என்ற பி0401 கோட் வரும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். 80,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை கூலரையும் ஓட்டைகளையும் கழுவுங்கள். கொழும்பு நெரிசலிலேயே ஓடும் காருக்கு அதற்கும் முன்னர்.

வைப்பர் கைகளையும் அதன் கீழுள்ள பிளாஸ்டிக், தகரத் தட்டுகளையும் கழற்றினால்தான் கூலருக்குக் கை எட்டும். அது எஞ்சினுக்குப் பின்பக்கம் இருக்கிறது. ஆகவே அரை நாள் வேலை. கூலரைச் சுடுநீரில் ஒட்சிசன் பிளீச் தூள் கரைத்து ஒரு இரவு ஊறவையுங்கள். ஒருபக்கம் டோர்ச் பிடித்தால் மறுபக்கம் வெளிச்சம் சீராகத் தெரியும்வரை திருப்பிச் செய்ய வேண்டும். மெனிஃபோல்ட் ஓட்டைகளை வயர் பிரஷ்ஷால் எடுங்கள். கஸ்கட்டுகளைப் புதிதாகவே போடுங்கள். வால்வை மட்டும் துடைத்துவிட்டு "இஜிஆர் கிளீன் பண்ணியாச்சு" என்று பில் எழுதும் கராஜ்கள் உண்டு. கூலரிலிருந்து வந்த கறுத்த தண்ணீரைக் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொரு பொறி: டாஷ்போர்டில் வெப்பநிலை முள்ளே கிடையாது. எஞ்சினின் தண்ணீர்ப் பம்ப் மின்சாரத்தில் ஓடுவது. அது திடீரென நின்றால் சிவப்பு விளக்கு எரியும்போது ஏற்கெனவே கொதித்திருக்கும். காரின் கணினியைப் படித்து போனில் காட்டும் புளூடூத் ஓபிடி கருவி ஒன்றைச் செருகிக் கூலன்ட் வெப்பத்தைக் கண்ணெதிரே வைத்திருங்கள். வழமையில் 85 முதல் 95 பாகை வரை நிற்கும். 105 தாண்டினால் ஓரங்கட்டுங்கள்.

பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டருக்குத் தனிக் கூலன்ட், தனிப் பம்ப். டாஷ்போர்டில் ரெடி விளக்கு எரியும் நிலையில் அதன் தாங்கியைத் திறந்து பாருங்கள், தண்ணீர் அசைந்துகொண்டிருக்க வேண்டும். அசையாமல் கிடந்தால் பம்ப் போய்விட்டது. பி0ஏ93 கோட் வருவதும் இதனால்தான். இன்வேட்டர் மென்பொருளுக்காக டொயோட்டா 2014 பெப்ரவரியில் உலகெங்கும் சுமார் 19 லட்சம் பிரியஸ்களைத் திரும்ப அழைத்தது. பார்க்கும் காருக்கு அது செய்யப்பட்டதா என்பதைச் சசி இலக்கத்தைக் கொடுத்துச் சரிபாருங்கள்.

இனிக் காரை ஓட்டும் பெரிய ஹைபிரிட் பற்றரி. 7.2 வோல்ட் மொட்யூல் 28, மொத்தம் 201.6 வோல்ட். கணினி இரண்டிரண்டாகச் சேர்த்து 14 புளொக்காகப் படிக்கிறது. டாக்டர் பிரியஸ் செயலியைத் திறந்து, பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரை மிதித்துச் சுமை கொடுங்கள். புளொக்குகளிடையே 0.3 வோல்ட்டுக்குள் வித்தியாசம் என்றால் நல்லது. 1 வோல்ட்டைத் தாண்டினால் பற்றரியை மாற்றச் சொல்லும் பி0ஏ80 கோட் தொலைவில் இல்லை. அதற்குமுன் பின்சீற் பக்கத்துக் காற்றுவாயைப் பாருங்கள். நாய்முடியும் தூசியும் அடைத்த விசிறியால் செத்த பற்றரிகள் ஏராளம். கடலோரக் கார்களில் மொட்யூல்களை இணைக்கும் செப்புப் பட்டையான பஸ்பார் பச்சை பூத்து, நல்ல மொட்யூலையே பழுதாகக் காட்டும். சுத்தம் செய்து திரும்பப் பூட்டும்போது நட்டுக்கு 5.4 நியூட்டன் மீற்றர்தான், கூட்டினால் முனை உடையும். ஆரஞ்சு நிறச் சேர்விஸ் பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருக்காமல், 1000 வோல்ட் கையுறை இல்லாமல் எவரும் உள்ளே கை வைக்கக்கூடாது. கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒரு மொட்யூல் வாங்கிச் செருகுவது மலிவுதான். ஆனால் மற்ற 27 உம் அதே வயது. சில மாதத்தில் அடுத்தது விழும். வைத்து ஓட்டப்போகிறவர் முழுதாகப் புதியதைப் போடட்டும்.

பிரேக்கில் ஒரு காதுச் சோதனை போதும். காரை ஒன் செய்து பெடலைத் தொடாமல் இருங்கள். முதலில் சில விநாடி பம்ப் ஓடுவது இயல்பு. பிறகும் இருபது விநாடிக்கொருமுறை "விர்ர்" என்றால் பிரேக் அழுத்தத்தைச் சேர்த்து வைக்கும் அக்கியூமுலேட்டர் அதைப் பிடிக்கவில்லை, சி1391 கோட் வரும். அது இருக்கும் முழு பிரேக் ஆக்சுவேட்டரையும் மாற்ற வேண்டும், ஸ்கேனர் இல்லாமல் பிரேக் குழாயில் காற்றெடுக்கவும் முடியாது. விலையில் கழிக்க வேண்டிய பெரிய தொகைகளில் இதுவும் ஒன்று.

எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்து ரெடி வராவிட்டால் பயப்படாமல் 12 வோல்ட் பற்றரியை அளவுங்கள். 12க்குக் கீழே என்றால் சந்தேகமே இல்லை. அது டிக்கியின் வலது மூலையில் இருக்கிறது, மின்சாரம் செத்தால் டிக்கி திறக்காது. அதனால் பொனட்டுக்குக் கீழே பியூஸ் பெட்டியில் சிவப்பு மூடியிட்ட முனையில் ஜம்ப் கொடுங்கள். கூட்டலும் கழித்தலும் மாறினால் இன்வேட்டரே போகலாம். மாற்றும்போது வாயுக்குழாய் பூட்டும் வகைப் பற்றரிதான் வேண்டும், சாதாரணக் கார்ப் பற்றரி ஆகாது.

முகப்பு மாற்றிய 2012 மொடலுக்குக் கூடுதல் விலை சொல்வார்கள். எஞ்சினும் இஜிஆரும் அதேதான். இஜிஆர் கழுவிய பில்லுடன் வரும் 2010 காரை, பில்லில்லாத 2012க்கு முன்னால் வைப்போம்.