கீல் உடைந்த பிறகு வாங்கிய திங்க்பேட் டி480

என் பழைய மடிக்கணினியின் வலது பக்கக் கீல், ஒரு மாலை வேலை முடித்து மூடும்போது படக்கென்று சத்தம் போட்டது. மறுநாள் திறந்தால், திரையோடு சேர்ந்து கீபோர்டின் மேலோரமும் வாய் பிளந்து எழும்பியது. பழுதுபார்ப்பவர் அடிமூடியைக் கழற்றி எனக்குக் காட்டினார். கீல் நல்ல இரும்பு. அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கீலின் திருகுகள் ஏறியிருந்த மூன்று சின்னப் பித்தளை மரைகள்தான் தம்மைப் பிடித்திருந்த பிளாஸ்டிக்கைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்திருந்தன. “நாளாக ஆகக் கீல் இறுகும் சார். திறக்கிற விசையெல்லாம் இந்தப் பிளாஸ்டிக்கின் மேல்தான் விழும். பசை வைத்துத் தருகிறேன், ஆனால் எத்தனை நாள் நிற்கும் என்று சொல்ல முடியாது” என்றார். வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. உள்ளே மற்ற எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தன.

நான் பிழைத்திருத்தம் செய்கிறவன். நாளுக்கு எட்டு, ஒன்பது மணி நேரம் கை கீபோர்டின் மேல்தான் இருக்கும். முந்நூறு பக்க வேர்டு கோப்பு ஒன்று, பதிப்பாளர் அனுப்பிய பிடிஎஃப் ஒன்று, அகராதிகள், உலாவியில் பத்துப் பதினைந்து பக்கங்கள் என்று எல்லாம் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். வீடியோ தொகுப்பு, விளையாட்டு எதுவும் கிடையாது. கையில் இருந்த தொகைக்கு இரண்டு வழிகள் தெரிந்தன. ஒன்று, வீட்டு உபயோகத்துக்கென்று வரும் மலிவு ரகத்தில் புதிது. மற்றது, அலுவலகங்களுக்கென்று தயாரித்து, சில ஆண்டுகள் உழைத்து, கைமாறி வருகிற ரகம்.

பெரிய தயாரிப்பாளர்கள் எல்லோரும் இந்த இரண்டு ரகத்தையும் செய்கிறார்கள். லெனோவோவில் ஐடியாபேட் வீட்டுக்கு, திங்க்பேட் அலுவலகத்துக்கு. டெல்லில் இன்ஸ்பிரானும் லாட்டிடியூடும். எச்பியில் அண்மைக்காலம் வரை பெவிலியனும், அலுவலகத்துக்கு எலைட்புக்கும். 2025இல் டெல் தன் பெயர்களை மாற்றி அலுவலக ரகத்தை டெல் புரோ என்று அழைக்கத் தொடங்கிவிட்டது. ஆனால் கைமாறி வருபவற்றில் லாட்டிடியூட் என்ற பெயரையே இன்னும் பல வருடம் பார்ப்போம். பெரிய நிறுவனங்கள் இவற்றை மூன்று, நான்கு ஆண்டுக் குத்தகைக்கு எடுத்து, காலம் முடிந்ததும் மொத்தமாகத் திருப்பிவிடுகின்றன. புதிதாக இருந்தபோது நம் கைக்கு எட்டாத பொருள் எட்டுகிற விலைக்கு இறங்கி வருவது இப்படித்தான்.

விளம்பர அட்டையில் பிராசசர், ரேம், எஸ்எஸ்டி மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கும். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் புதிய வீட்டு ரகம்தான் ஜெயிக்கும். ஆனால் கீல் எதில் திருகப்பட்டிருக்கிறது, கீபோர்டு தேய்ந்தால் தனியாகக் கழற்ற முடியுமா, ரேம் தாய்ப்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறதா என்பதை எந்த அட்டையும் சொல்லாது. வீட்டு ரகத்தை வாங்குகிறவர் கடையில் பத்து நிமிடம் பார்த்து முடிவெடுக்கிறார். அலுவலக ரகத்தை வாங்குகிற இடத்தில், ஐந்நூறு கணினிகளைப் பல வருடம் ஓடவைக்க வேண்டிய ஒரு குழு இருக்கிறது. பழுதானால் அரை மணியில் பிரித்து மூட முடியாத பொருளை அந்தக் குழு மறுமுறை வாங்காது. இரண்டு ரகத்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன்.

நான் வாங்கியது 2018இல் வெளிவந்த திங்க்பேட் டி480. அதற்கு முன் பார்த்த ஒன்றை வேண்டாம் என்று திரும்பக் கொடுத்துவிட்டேன். பயாஸுக்குள், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்புகளுக்குள், நுழைந்ததும் அது மேலாளர் கடவுச்சொல் கேட்டது. விற்றவர், “பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போய்விடும்” என்றார். போகாது. இந்த ரகத்தில் அந்தக் கடவுச்சொல் பேட்டரியை எடுத்தாலும் அழியாத சில்லில் பதிந்திருக்கும். விண்டோஸை நிறுவும்போது ஏதாவது ஒரு கம்பெனியின் பெயர் திரையில் வந்து அந்தக் கம்பெனிக் கணக்கில் நுழையச் சொன்னாலும் வாங்காதீர்கள். அந்தக் கணினி இன்னும் அவர்கள் பதிவேட்டில் இருக்கிறது என்று பொருள்.

ரேம் கூட்டுவதற்காக டி480ஐத் திறந்த அன்றுதான் எனக்கு இந்த ரகத்தின் மேல் உண்மையான மரியாதை வந்தது. இதில் இரண்டு பேட்டரிகள். பின்பக்கம் இருப்பது தாழ்ப்பாளை நகர்த்தினால் கையோடு வந்துவிடும். உள்ளே 24 வாட்-மணி அளவில் இன்னொன்று நிலையாக இருக்கும். திறப்பதற்கு முன் உள்பேட்டரியை அணைத்துவைக்க பயாஸிலேயே ஒரு வசதி கொடுத்திருக்கிறார்கள். அடிமூடியின் திருகுகளைத் தளர்த்தினால் அவை மூடியிலேயே நிற்கும். மேசைக்கடியில் உருண்டு ஓடாது. உள்ளே ரேமுக்கு இரண்டு இடங்கள், இரண்டுமே கழற்றி மாட்டக்கூடியவை. காலியாக இருந்த இடத்தில் 8 ஜிபி அழுத்திப் பொருத்தினேன், 16 ஆனது. வழிகாட்டியாக லெனோவோவே வெளியிட்டிருக்கும் பராமரிப்புக் கையேடு இருந்தது. எந்தத் திருகு எங்கே, எதை முதலில் எடுக்க வேண்டும் என்று படம் போட்டிருக்கிறது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

கீபோர்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நான் தமிழ்99 என்ற விசை அமைப்பில் தட்டுகிறேன். அதில் க, ப, ம, த நான்கும் வலது கையின் நடு வரிசையில் அடுத்தடுத்து வரும். பழைய கணினியில் முதலில் தளர்ந்தவை அந்த நான்கு விசைகள்தான். மாற்றலாமா என்று கேட்டதற்கு, கீபோர்டை மேல்மூடியோடு உருக்கி ஒட்டியிருக்கிறார்கள், மூடியோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும் என்று பதில் வந்தது. டி480இல் கீபோர்டு தனிப் பாகம். விசைகள் நடுவில் சற்றுக் குழிந்து விரலை ஏந்துகின்றன. அழுத்தினால் எங்கே பதிந்தது என்று விரலுக்குத் தெரிகிறது. மாலையில் விரல் மூட்டுகள் முன்போல் வலிப்பதில்லை. எனக்கு இது ஒன்றே போதும்.

குறைகள் இல்லாமல் இல்லை. முதலில் திரை. இந்த மாடல் 1366×768 அளவுத் திரையோடும் வந்திருக்கிறது. கொஞ்சம் சாய்ந்து பார்த்தாலே நிறம் வெளுக்கும் அந்தத் திரையில் நாள் முழுவதும் எழுத்துப் படிப்பது கண்ணுக்குச் செய்யும் கொடுமை. சாய்ந்து பார்த்தாலும் நிறம் வெளுக்காத 1920×1080 ஐபிஎஸ் திரைதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அதுவும்கூட இன்றைய புதிய ஓலெட் திரைகளுக்குப் பக்கத்தில் மங்கல்தான். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுகிறது. பின்பேட்டரியை வந்த அன்றே சோதித்தேன். முதலில் எவ்வளவு தாங்கியது, இப்போது எவ்வளவு தாங்குகிறது என்று இரண்டு எண்களையும் காட்டும் பேட்டரி அறிக்கையை விண்டோஸே எடுத்துத் தரும். என்னுடையது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. விலை பேசும்போதே புதுப் பேட்டரிக்கான தொகையைச் சேர்த்துக் கணக்கிடுவதுதான் சரி. நான் 72 வாட்-மணி பேட்டரி வாங்கி மாட்டினேன். அது அடியில் புடைத்துக்கொண்டு கணினியை முன்பக்கமாகச் சற்றுச் சாய்க்கிறது. தட்டுவதற்கு அதுவும் வசதியாகவே இருக்கிறது.

இன்னொரு இடத்தில் கண்டிப்பாக விழிப்பு வேண்டும். இதற்கு முந்தைய மாடலான டி470ஐயும் டி480ஐயும் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு சட்டென்று தெரியாது. டி470இல் வழக்கமாக இருப்பவை இன்டெலின் 6, 7ஆம் தலைமுறை பிராசசர்கள். அவற்றை விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. ஆகவே டி480இல் வழக்கமாக இருக்கும் 8ஆம் தலைமுறைக்குக் கீழே, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், விண்டோஸ் வேண்டும் என்பவர்கள் போகக் கூடாது. லினக்ஸ் பழகியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

அலுவலக ரகம் என்ற பெயர் இருந்தாலே போதும் என்றும் எண்ண வேண்டாம். இதே திங்க்பேட் வரிசையில் டி480எஸ் மெலிந்தது, அதில் ரேமின் ஒரு பகுதி பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு மெல்லிய திங்க்பேடான எக்ஸ்1 கார்பனில் முழுவதுமே அப்படித்தான். மெலிவு வேண்டுமென்றால் அதற்கு இப்படி ஒரு விலை உண்டு.

அக்காள் மகள் ஓவியம் படிக்கிறாள். “மாமா, எனக்கும் இதுபோலவே ஒன்று பார்த்துக் கொடுங்கள்” என்றாள். வேண்டாம் என்றேன். அவளுக்கு நிறம் முக்கியம். தினமும் பையில் தூக்கிப்போக வேண்டும். கெட்டுப்போனால் உத்தரவாதத்தில் கொடுத்து வாங்க வேண்டும். அவளுக்குப் புதிய வீட்டு ரகம்தான் சரி. வாங்கும்போது இரண்டு விஷயங்கள் மட்டும் பார்க்கச் சொன்னேன்: ரேமுக்கு ஒரு காலி இடமாவது இருக்கிறதா, கீல் பக்கம் அழுத்தினால் மேல்மூடி நெளிகிறதா. வாங்கி வந்த அன்று திரையின் மூலையைப் பிடித்து ஒரு கையால் தூக்கினாள். அவள் கையை நகர்த்தி நடுவில் வைத்தேன்.