இருமொழிப் புத்தகமா, ஜோடிப் புத்தகமா, தனி ஆங்கிலமா? மலையகப் பாடசாலை நூலகத்துக்கு எது சரி?

பாடசாலை நூலகத்துக்குக் கொஞ்சம் பணம் கிடைத்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "இங்கிலிஷ் புத்தகமா வாங்குங்க டீச்சர்." ஹட்டன் பக்கத்துத் தமிழ்மொழிப் பாடசாலை ஒன்றின் நூலகத்தைப் பார்த்துக்கொள்பவள் என்ற முறையில் சொல்கிறேன், கேள்வியே அது இல்லை. நம் பிள்ளைகளுக்கு இரண்டு மொழிகள் புதிதாக வேண்டும். இரண்டையும் அவர்கள் சந்திக்கும் விதம் வேறு, ஆகவே வாங்கும் புத்தகத்தின் வடிவமும் வேறாகத்தான் இருக்க வேண்டும். என் முடிவு இதுதான்: சிங்களத்துக்கு ஜோடிப் புத்தகம் (ஒரே கதை தமிழில் ஒரு புத்தகம், சிங்களத்தில் ஒரு புத்தகம்), ஆங்கிலத்துக்குத் தனி எளிய புத்தகம், இந்த இரண்டுக்காகவும் தமிழ் இறாக்கையைக் குறைக்கவே கூடாது.

முதலில் இருமொழிப் புத்தகம், அதாவது ஒரே பக்கத்தில் மேலே தமிழும் கீழே மற்ற மொழியும். தமிழும் சிங்களமும் என்றால் இது அழகாகப் பொருந்தும், ஏனென்றால் இரண்டிலும் வினைச்சொல் கடைசியில்தான் வரும், வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆங்கிலம் அப்படி இல்லை. வாக்கியத்தின் வரிசையே மாறிவிடுவதால் சின்னப் பிள்ளை எதற்கு எது என்று தேடித் திணறிப் போகும். ஆனால் இந்த வடிவத்தின் பெரிய குறை வேறு: இரண்டும் கண் முன்னால் இருக்கும்போது பிள்ளை தமிழை வாசித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடும். தெரிந்த மொழிக்குத்தான் கண் ஓடும், அதில் பிள்ளையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனாலும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப இதைப்போல ஒன்று கிடையாது. டவுனில் வேலை செய்து நன்றாகச் சிங்களம் பேசும் அப்பாமார் பலருக்குச் சிங்கள எழுத்து வராது. பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியும், பொருள் தெரியாது. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பிள்ளை சத்தமாக வாசிக்க, அப்பா கேட்டுப் பொருள் சொல்ல, பக்கத்தில் இருக்கும் அம்மா தமிழ் வரியைப் பார்த்துச் சரிபார்க்க, மூன்று பேருமாகச் சேர்ந்து ஒரு சிங்களப் புத்தகத்தையே வாசித்து முடித்துவிடலாம்.

அடுத்தது ஜோடிப் புத்தகம்: ஒரே கதை, ஒரே படங்கள், ஆனால் தனித்தனிப் புத்தகம். ரூம் டு ரீட் போன்ற அமைப்புகள் இலங்கையில் சிங்களத்திலும் தமிழிலும் சிறுவர் நூல்கள் வெளியிட்டிருக்கின்றன. ஒரே கதை இரண்டு மொழியிலும் கண்ணில் பட்டால் விடாதீர்கள். தமிழில் வாசித்துக் கதை மனதில் நின்ற பிறகு சிங்களப் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு அடுத்து என்ன நடக்கும் என்பது தெரியும், ஆகவே முழுக் கவனமும் மொழிக்குப் போகும், தமிழுக்குத் தாவ அங்கே வழியும் இல்லை.

சிங்களத்துக்கு நான் இதை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகள் பஸ்ஸிலும் கடையிலும் கேட்பது பேச்சுச் சிங்களம், புத்தகத்தில் இருப்பதோ பெரும்பாலும் எழுத்துச் சிங்களம். பேச்சில் "மம யனவா" என்பது எழுத்தில் "மம யமி" ஆகிவிடும். பேச்சில் யார் போனாலும் "யனவா"தான், எழுத்தில் ஆளுக்கு ஏற்றபடி வினை மாறும். தமிழிலும் பேச்சும் எழுத்தும் விலகித்தானே நிற்கின்றன, ஆகவே எடுத்துச் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் யாராவது சொல்ல வேண்டும். கடையில் மளமளவென்று சிங்களம் பேசும் பையன் புத்தகத்தைத் திறந்ததும் ஊமையாகிவிடுவதைப் பார்த்து "இவனுக்குச் சிங்களம் வராது" என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம்.

1987 இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது உண்மைதான். ஆனால் சிங்களத்தில் மட்டுமே இருக்கும் படிவத்தோடு அம்மா நிற்கும்போது பக்கத்தில் நிற்பது இந்தப் பிள்ளைதான், அதை வாசிக்கத் தெரிந்திருந்தால் அந்த அம்மாவுக்கு எவ்வளவு நிம்மதி.

நூலகருக்கு ஒரு சின்னச் சிக்கல்: நூல்களுக்கு எண் கொடுத்து அடுக்கும் தூயி (Dewey) முறைப்படி தமிழ்க் கதை 894.811 இலும் சிங்களக் கதை 891.48 இலும் போய் உட்காரும், ஜோடி பிரிந்துவிடும். எண்ணைப் பதிவேட்டில் அப்படியே எழுதுங்கள், ஆனால் புத்தகங்களை ஒரு பையில் சேர்த்துப் போட்டு இரவல் கொடுங்கள்.

மூன்றாவது, தனி ஆங்கிலப் புத்தகம். சிங்களமாவது பஸ்ஸில் காதில் விழுகிறது, தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் காதிலேயே விழுவதில்லை. ஆகவே இங்கே புத்தகத்தை விட வாசித்துக் காட்டும் ஆள்தான் முக்கியம். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய படம், அடிக்கடி திரும்பி வரும் வாக்கியம், இப்படிப்பட்ட புத்தகத்தை நாம் சத்தமாக வாசிக்க வேண்டும், கதையைப் பற்றித் தமிழில் பேசவிட வேண்டும், அப்புறம் திரும்ப வாசிக்க வேண்டும். அன்பளிப்பாக வரும் தடித்தடி ஆங்கில நாவல்கள் இறாக்கையை நிரப்பும், பிள்ளையைப் பயமுறுத்தும். நன்றி சொல்லி வாங்கி, உயர்தர வகுப்புக்கு ஒதுக்கிவிடுங்கள்.

சரி, தமிழை ஏன் குறைக்கக் கூடாது? முதல் மொழியில் ஊன்றிய வாசிப்புத் திறன் இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்று இருமொழிக் கல்வி ஆய்வாளர் ஜிம் கமின்ஸ் 1979 இலேயே எழுதினார். தமிழில் தடுமாறாமல் கதை வாசிக்கும் பிள்ளைதான் மற்ற இரண்டிலும் துணிந்து கைவைக்கிறது, இதை நூலகத்தில் இருந்தபடியே பார்க்கலாம்.

பணமே இல்லை என்றால் இந்தியச் சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தேடுங்கள். திறந்த உரிமத்தில் வரும் கதைகள், நான்கு வாசிப்பு நிலைகளில் இலவசமாகக் கிடைக்கும், அச்சிடலாம், மொழிபெயர்க்கவும் செய்யலாம். சிக்னல் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டு, ஜோடி இல்லாத கதைக்குச் சிங்கள வரிகளைச் சிங்கள ஆசிரியரோடு சேர்ந்து மேல்வகுப்புப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். பெயரைப் பின்னட்டையில் போடுங்கள், தம்பி தங்கைகள் அதைத்தான் முதலில் எடுப்பார்கள். மூலக்கதை எழுதியவர், படம் வரைந்தவர் பெயர்களும் அதே அட்டையில் இருக்க வேண்டும், அது உரிமத்தின் நிபந்தனை.